அந்தச் செய்தியை எந்த வீட்டில் சொல்வது?



இரவுச் சாப்பாடு முடிந்து எல்லாரும் முன்னறையில் இருக்கிறோம். தொலைக்காட்சி ஓடுகிறது. அப்பா வேலைக் களைப்பில் கண்ணயர்கிறார். அம்மா மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்தபடி ஒரு கண்ணைத் திரையில் வைத்திருக்கிறார். பதினாறு வயது மகள் கைபேசியோடு ஓரமாக இருக்கிறாள். திரையில் ஓர் இளம்பெண், தான் பிள்ளைத்தாய்ச்சி என்பதைத் தாயிடம் சொல்லத் தெரியாமல் திணறுகிறாள். உடனே நம்மில் யாரோ ரிமோட்டைத் தேடி எடுக்கிறோம், சேனல் மாறுகிறது. அதைப் பற்றி அதன்பிறகு யாரும் கதைப்பதில்லை. ஆனால் வாயைத் திறக்காமலே மகளுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டோம்: இப்படிப்பட்ட செய்திக்கு இந்த வீட்டில் இடமில்லை.

ஒருநாள் அவளிடமே அப்படி ஒரு செய்தி இருந்தால், அதை எடுத்துக்கொண்டு அவள் யாரிடம் போவாள்?

பயப்படாதீர்கள், உங்களைக் கண்டிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. இன்று திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. திருச்சபை நம் கையில் கொடுத்திருக்கும் நற்செய்தியே இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. மத்தேயு தம் முதல் அதிகாரத்தில் சொல்வதைச் சற்று முன்பு கேட்டீர்கள். மண ஒப்பந்தம் ஆகியிருந்த ஒரு பெண், இருவரும் கூடி வாழ்வதற்கு முன்பே கருவுற்றிருக்கக் காணப்பட்டார். நல்லவரான யோசேப்பு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நம் ஆண்டவர் இயேசு இந்த உலகுக்கு வந்தது இப்படி ஒரு வீட்டுச் சங்கடத்தின் வழியாகத்தான்.

இந்த நற்செய்தியோடு சேர்த்து இன்று இந்த நாட்டின் தொலைக்காட்சித் தொடர் ஒன்றையும் பற்றிப் பேசப்போகிறேன். பெரியவர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் பார்க்கும் கதைகளை மேய்ப்பனும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

பிபிசி த்ரீயில் 2012 முதல் 2014 வரை மூன்று பருவங்களாக வந்த நகைச்சுவைத் தொடர் அது, பெயர் 'பிராம்ஃபேஸ்'. கிறிஸ் ரெடி என்பவர் உருவாக்கியது, எடின்பரோவில் படமாக்கியது. லோராவுக்குப் பதினெட்டு வயது. வசதியான வீட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகம் காத்திருக்கிறது. ஜேமிக்குப் பதினாறு, ஜிசிஎஸ்இ எழுதி முடித்த கையோடு இருக்கும் பெடியன். ஒரு விருந்தில் சந்திக்கிறார்கள், குடித்திருக்கிறார்கள். ஓர் இரவின் விளைவாக லோரா கருவுறுகிறாள். ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத இரண்டு பேர், அவர்களுக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பேச்சு பல இடங்களில் கொச்சையானது. உடலைப் பற்றியும் குடியைப் பற்றியும் அந்தத் தொடர் எடுத்துக்கொள்ளும் இலேசான போக்கு நம் விசுவாசத்தோடு ஒத்துப்போகாது. உடல் கடவுளின் ஆவி தங்கும் ஆலயம் என்றும், கணவன் மனைவியின் ஒன்றிப்பு வாழ்நாள் முழுவதற்குமான வாக்குறுதிக்குள் வைத்துக் காக்கவேண்டிய கொடை என்றும் நாம் நம்புகிறோம். அதை நம் பிள்ளைகளுக்குக் கூச்சப்படாமல் கற்றுக்கொடுக்க வேண்டும். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆனாலும் அந்தத் தொடரில் என் மனம் நின்ற ஓர் இடம் உண்டு. வெளியே பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு போகும் இளம் தாய்மாரை நக்கலடிக்க இந்த நாட்டில் சிலர் வீசும் சொல்லையே அதற்குத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை வைத்துச் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. பெற்றோரின் பதற்றத்தை வைத்துச் சிரிக்கிறார்கள், ஜேமியின் தடுமாற்றத்தை வைத்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை பிறந்ததை மட்டும் யாரும் கேலி செய்வதில்லை. பிள்ளையைப் பெற்றெடுப்பது என்று லோரா முடிவெடுக்கிறாள். அந்த முடிவைச் சுற்றி இரண்டு குடும்பங்கள் தட்டுத்தடுமாறி ஒன்றுகூடுகின்றன. ஒரு பக்கம் லோராவின் பெற்றோர் ஜேனட்டும் ஆலனும். நல்ல வீடு, நல்ல வருமானம், ஆனால் அவர்களின் மணவாழ்வே சரியில்லை. மறுபக்கம் ஜேமியின் பெற்றோர் சாண்ட்ராவும் கீத்தும், எளிய மனிதர்கள். மகன் இன்னும் சின்னப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே நாளில் தாத்தா பாட்டி ஆகப்போகிறார்கள். எரிச்சலும் சண்டையும் நிறைய. ஆனால் ஒருவரும் ஒரேயடியாகக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடவில்லை. கடவுளின் பெயரைச் சொல்லாத ஒரு நகைச்சுவையில் இதைக் கண்டபோது, இதே நாட்டில் நடந்த வேறொன்று எனக்கு நினைவுக்கு வந்தது. அதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

அன்பானவர்களே, நாம் குடியேறி வாழும் இந்த நாடு இப்படிப்பட்ட பெண்களை எப்போதும் சிரித்த முகத்தோடு நடத்தியதில்லை. 1949க்கும் 1976க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமாகாத தாய்மாரிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 1,85,000 பேர் என்று நாடாளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக்குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. கருவுற்ற பெண்ணை ஊரார் கண்ணில் படாமல் தாய்-சேய் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அவள் பெற்றாள், சில வாரங்கள் பாலூட்டினாள், பிறகு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வீடு திரும்பினாள். பலருக்கு வேறு வழி இருக்கிறதென்று சொல்லவும் ஆளில்லை. குடும்பங்கள் அதில் பங்கெடுத்தன, மருத்துவமனைகளும் சமூகப் பணியாளர்களும் பங்கெடுத்தார்கள். நம் திருச்சபையின் அமைப்புகளும் பங்கெடுத்தன. அதற்காக, அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக இருந்த கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ் 2016இல் மன்னிப்புக் கேட்டார். ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்தத் தாய்மாரில் பலர் இன்றைக்கு எண்பது வயதை ஒட்டியவர்கள். நம் தெருவில் தனியாக வசித்து, காலையில் நாயோடு நடந்துபோகும் அந்த வெள்ளைக்காரப் பாட்டி அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு குறிப்பிட்ட தேதியில் அவர் வெளியே வராமல் இருந்தால், அந்தக் காரணம் நமக்குத் தெரியவே தெரியாது. அவருக்காக இன்று செபியுங்கள். பெயர் தெரியாமலே செபிக்கலாம், ஆண்டவருக்குத் தெரியும்.

இத்தனை கண்ணீருக்கும் அடியில் இருந்த கேள்வி என்ன? நம் ஆட்கள் நன்றாக அறிந்த கேள்விதான் அது. சனம் என்ன கதைக்கும்? ஆங்கிலேயர்கள் அதை வேறு சொற்களில் கேட்டார்கள், நாம் நம் சொற்களில் கேட்கிறோம். கேள்வி ஒன்றே. கடல் கடந்து, போர் கடந்து, அகதி விண்ணப்பத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, எல்லாவற்றையும் இழந்து இங்கே வந்து சேர்ந்தோம். பெட்டியில் இடமில்லாமல் எத்தனையோ நல்ல பொருட்களை விட்டுவிட்டு வந்தோம். ஆனால் சனத்துக்குப் பயப்படும் இந்தப் பயத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். கலியாண வீட்டில், பிறந்தநாள் மண்டபத்தில், பூசை முடிந்த தேநீர் நேரத்தில்கூட அது நம் பக்கத்தில் நிற்கிறது.

இப்போது நாசரேத்துக்குத் திரும்புவோம். நான் மரியாவை லோராவோடு ஒப்பிடவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் தாய் அமல உற்பவி. தூய ஆவியால் கருவுற்றவர். இதில் சிறு ஐயமும் நமக்கு இல்லை. ஆனால் நாசரேத்தூர்ச் சனத்துக்கு அது தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வயது குறைந்த ஒரு பெண், நாள் சரியாக வராத ஒரு கர்ப்பம். இணைச்சட்ட நூல் எழுதிவைத்த தண்டனை கல்லெறிதல். வானதூதர் கபிரியேல் மரியாவிடம் வந்தார், ஆனால் கிணற்றடியில் நீர் மொண்ட பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. அந்தப் பார்வைகள் எல்லாவற்றின் நடுவிலும்தான் நம் தாய் நடந்தார். ஆண்டவர் நினைத்திருந்தால் இந்தச் சங்கடம் வராமல் செய்திருக்கலாம். மரியா யோசேப்போடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய பிறகு தூதரை அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பழிச்சொல்லுக்கு ஆளாகும் பெண்களின் பக்கத்தில் தம் மகன் கருவிலிருந்தே நிற்கவேண்டும் என்று தந்தை விரும்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மத்தேயு இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார். பலர் கண்ணயரும், இயேசுவின் அந்த நீண்ட வம்சவரிசையை மறுபடி ஒருமுறை வீட்டில் வாசித்துப் பாருங்கள். ஆண்களின் பெயர்களுக்கு இடையே நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. ஊர் வாயில் விழாமல் தப்பியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. நம்மில் ஒருவர் குடும்ப வரலாறு எழுதினால் இந்தப் பெயர்களை மெல்ல மறைத்திருப்போம். தூய ஆவியார் மறைக்கவில்லை. ஆண்டவரின் சொந்தக் குடும்பத்தில் அவர்கள் பாட்டிமாராக இருக்கிறார்கள்.

யோசேப்பைப் பாருங்கள். அவரைப் பற்றி நாம் அதிகம் கவனிக்காத ஒன்றை இன்று சொல்ல விரும்புகிறேன். யோசேப்பின் முதல் முடிவு மரியாவை விலக்கிவிடுவது. இகழ்ச்சிக்கு ஆளாக்காமல், மறைவாக, இரக்கத்தோடு விலக்குவது. ஆனாலும் விலக்குவதுதான். நாம் புனிதராக வணங்கும், திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக வைத்திருக்கும் மனிதர், முதலில் எடுத்த முடிவு அது. அதற்காக ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. யோசேப்பு தூங்கும்வரை காத்திருந்தார். தூக்கத்தில் தம் தூதரை அனுப்பி, அஞ்சாமல் மரியாவை ஏற்றுக்கொள்ளும்படி சொன்னார். யோசேப்பு எழுந்தார், முதல் முடிவை விட்டார், மரியாவைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தபோது ஒரு தாய் என்னிடம் வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, வீட்டு முற்றத்தில் நின்று கதைத்தார். மகள் வந்து செய்தியைச் சொன்ன அந்த நேரத்தில் தன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, எந்தத் தாயும் சொல்லக்கூடாத வார்த்தை என்றார். "ஃபாதர், அதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டார். எத்தனையோ பேர் மனதில் இந்தக் கேள்வி கிடந்து அழுத்துகிறது. இந்தக் கோவிலிலும் யாராவது இருக்கக்கூடும். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: யோசேப்புக்கும் முதல் எண்ணம் சரியாக வரவில்லை. அதிர்ச்சியில் வந்த சொல்லை ஆண்டவர் உங்கள் கடைசிச் சொல்லாகக் கணக்கில் வைப்பதில்லை. போய் ஒரு இரவு தூங்குங்கள். காலையில் எழுந்து மகளின் அறைக் கதவைத் தட்டுங்கள். அவள் திறக்காவிட்டால் வாசலிலேயே ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு வாருங்கள். மறுநாளும் வையுங்கள். அந்தத் தாய் அப்படித்தான் செய்தார். இன்று அந்தப் பேரப்பிள்ளைக்கு முதல் நன்மை கொடுத்தாகிவிட்டது.

இனி ஆண்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறீர்களே, உங்களைத்தான், பிள்ளைகளே. நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் பழி முழுவதும் பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. பெடியனை அவசரமாக வேறு ஊருக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவனுடைய படிப்புக் கெடக்கூடாதாம். அவளுடைய படிப்பு? அந்தத் தொடரில் ஜேமி பதினாறு வயதில் ஓடிப்போகவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் குழப்புகிறான், ஆனால் அங்கேயே நிற்கிறான். அது ஒரு கற்பனைப் பாத்திரம்தான். யோசேப்பு கற்பனை அல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பரில் யோசேப்பைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில், ஒருவர் தந்தையாகப் பிறப்பதில்லை, பொறுப்பை ஏற்றுத்தான் தந்தை ஆகிறார் என்ற கருத்தை வைத்தார். ஒரு பெண்ணின் நல்ல பெயரைக் காப்பதற்குத் தம் நல்ல பெயரைப் பணயம் வைத்தவர் யோசேப்பு. மகன்களே, முதலில் அவளையும் உங்களையும் மதித்து வாழக் கற்றுக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் ஓடாதீர்கள். பெற்றோரே, ஓடுவதற்கு அவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

தந்தையரே, தாய்மாரே, இப்போது உங்கள் வீட்டைப் பற்றி. ஒரு மகள் இப்படிப்பட்ட செய்தியோடு வரும் நாளில் அவளுடைய மனதில் ஓடுவது என்ன தெரியுமா? எங்கே சொன்னால் உயிர் பிழைப்பேன் என்பதுதான். சிநேகிதியிடமா, பள்ளித் தாதியிடமா, இணையத்தில் முகம் தெரியாத யாரோ ஒருவரிடமா? வயிற்றில் வளரும் உயிரின் கதியும் பல நேரங்களில் அந்த முதல் சில நாட்களில், அவள் சந்திக்கும் முதல் முகத்தில் தங்கியிருக்கிறது. நாம் உயிரைக் காக்கவேண்டும் என்று ஆண்டுதோறும் செபிக்கிறோம், பேரணிகளில் நடக்கிறோம். நல்லது, நடங்கள். ஆனால் தன் வீட்டில் தனக்கு இடமில்லை என்று ஒரு பெண் நினைத்தால், நம் பதாகைகள் அவளுக்கு என்ன சொல்லும்?

கிளாஸ்கோவின் பேராயராக இருந்த கர்தினால் தாமஸ் வினிங் இதைப் புரிந்துகொண்டவர். 1997 மார்ச்சில் அவர் பகிரங்கமாக ஓர் அழைப்பு விடுத்தார். எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், மதமே இல்லாதவராக இருந்தாலும், கருவுற்றுக் கலங்கி நிற்கும் எந்தப் பெண்ணும் தம் மறைமாவட்டத்திடம் வரலாம், பண உதவி வேண்டுமானால் அது, குழந்தைக்கான பொருட்கள் வேண்டுமானால் அது, தங்க இடம் வேண்டுமானால் அது, எல்லாவற்றுக்கும் துணை நிற்போம் என்றார். பத்திரிகைகள் பலவிதமாக எழுதின. பெண்கள் வந்தார்கள். 2001இல் கர்தினால் இறந்த பிறகும் அந்தப் பணி அவர் பெயரிலேயே தொடர்ந்தது. எடின்பரோவில் எடுத்த ஒரு நகைச்சுவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கிருந்து ஒரு மணிநேர ரயில் பயணத்தில் இருக்கும் ஊரில் திருச்சபை தன் பணப்பையைத் திறந்து வைத்த கதை இது. கருக்கலைப்பு வேண்டாம் என்று சொல்லும் வாய்க்கு, பால்மாவும் துணியும் வாடகையும் கொடுக்கும் கையும் வேண்டும். நான் அதை அவரிடமிருந்துதான் கற்றேன்.

பெற்றோர் அறிந்திருக்கவேண்டிய சில நடைமுறைச் செய்திகளும் உண்டு. தெரியாமல் போவதால் பல பிள்ளைகளின் வாழ்வு வீணாக முடங்குகிறது. இந்த நாட்டில் கருவுற்றதற்காக ஒரு மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னுமாக 18 வாரங்கள்வரை விடுப்பு எடுத்துப் பிறகு அவள் வகுப்புக்குத் திரும்பலாம். இங்கிலாந்தில் இருபது வயதுக்குக் குறைந்த பெற்றோர் படிப்பைத் தொடர்ந்தால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கு அரசின் 'கேர் டு லேர்ன்' திட்டம் உதவும். மகளின் ஏ லெவல் முடிந்துவிட்டது, வாழ்க்கையும் முடிந்துவிட்டது என்று அழுகிறவர்களே, முடியவில்லை. இவற்றையெல்லாம் கேட்டு விசாரிக்க ஒருவர் கூடப் போகவேண்டும். மிட்வைஃப் முன்னால் அந்தப் பிள்ளை தனியாக உட்காரக்கூடாது. அம்மாவால் முடியாவிட்டால் சித்தி போகட்டும், சித்தி இல்லாவிட்டால் இந்தப் பங்கின் அம்மாமார் இருக்கிறீர்கள்.

இந்த நாட்டில் பதின்வயதில் கருவுறுவது இப்போது முன்போல அதிகம் இல்லை என்பதும் உண்மைதான். 1998இல் இங்கிலாந்தில் 15 முதல் 17 வயதுவரையான பெண்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 47 பேர் கருவுற்றார்கள். 'பிராம்ஃபேஸ்' முடிந்த 2014இல் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அது நம்மிடையே இல்லை என்று யாராவது சொன்னால் அவரோடு நான் வாதாடப் போவதில்லை. எண்ணிக்கையைப் பார்த்து நல்லாயன் ஆடுகளைத் தேடியதில்லை. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போனவர் அவர்.

பங்கு மக்களாகிய நாமும் நம்மைப் பார்த்துக்கொள்வோம். மணமாகாத ஒரு தாய் பிள்ளையோடு ஞாயிறு பூசைக்கு வருகிறாள் என்று வையுங்கள். எந்த வரிசையில் அவள் உட்காருவாள்? நாம் நகர்ந்து இடம் கொடுப்போமா, திரும்பிப் பார்ப்போமா? அந்தப் பிள்ளை அழுதால் நம் முகம் என்ன ஆகும்? 2012இல், அந்தத் தொடர் தொடங்கிய அதே ஆண்டில், அப்போது புவனோஸ் ஐரஸின் பேராயராக இருந்த கர்தினால் பெர்கோலியோ, பிற்பாடு திருத்தந்தை பிரான்சிஸ், தம் குருக்களையே வெளிப்படையாகக் கண்டித்தார். மணமாகாத தாய்மாரின் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க மறுத்த குருக்களை, வெளிவேடக்காரர் என்றே சொன்னார். பிள்ளையைக் கலைக்காமல் துணிந்து பெற்றெடுத்தவள் பங்கு பங்காக அலைந்து திருமுழுக்குக்காகக் கெஞ்சவேண்டி இருக்கிறதே என்பதுதான் அவருடைய வேதனை. அவர் சொன்னது எங்களுக்கு, குருக்களுக்கு. ஆனால் அலையவைப்பது குருக்கள் மட்டும்தானா என்பதை நீங்களும் யோசியுங்கள்.

ஆண்டுதோறும் ஜூலையில் நாம் ஆயிரக்கணக்கில் வால்சிங்கத்துக்குப் போகிறோம். விடியுமுன்னே பேருந்து, மடியில் சோற்றுப் பொதி, வழி நெடுகச் செபமாலை. அந்த நோர்ஃபோக் கிராமத்தில் நாம் தேடிப்போவது எதை? 1061இல் ரிச்செல்டிஸ் என்ற பெண்ணுக்குக் கிடைத்த காட்சியின்படி கட்டியதாக மரபு சொல்லும் வீட்டின் நினைவை. எந்த வீடு? நாசரேத்தில் கபிரியேல் வந்து மரியாவிடம் செய்தி சொன்ன வீடு. எதிர்பாராத ஒரு கர்ப்பத்தின் செய்தி முதலில் ஒலித்த வீடு. அங்கே போய் எத்தனை மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம், எத்தனை பேர் பிள்ளை வரம் கேட்டிருக்கிறோம்! அதே செய்தி, நாம் எதிர்பார்க்காத முறையில், நாம் விரும்பாத நேரத்தில் நம் வீட்டுக்கு வந்தால், அந்த வீட்டை நேசித்தவர்களாகிய நாம் நம் வீட்டையும் அதற்குத் தயாராக வைத்திருக்க வேண்டாமா?

தயார் செய்வது இன்று இரவே தொடங்கலாம். அறிவுரையோடு தொடங்காதீர்கள். உங்கள் மகளிடமும் மகனிடமும் தனித்தனியாக ஒன்றைச் சொல்லுங்கள்: உனக்கு வாழ்க்கையில் எது நடந்தாலும், அதை முதலில் என்னிடம் கொண்டு வா. நான் கோபப்படலாம், அழலாம், ஆனால் உன்னை வெளியே விடமாட்டேன். நம் தலைமுறைக்கு இப்படிச் சொல்லிப் பழக்கமில்லை, எனக்குத் தெரியும். நம் பெற்றோர் நமக்குச் சொன்னதில்லை. சொல்லும்போது தொண்டை அடைக்கும், பிள்ளை "என்னம்மா இது, திடீரென்று" என்று சிரிக்கும். சிரிக்கட்டும். சொல்லிவிடுங்கள். ஒழுக்கத்தைத் தளர்த்திவிட்டோமோ என்று பயப்படுகிறவர்களே, ஊதாரி மகனின் தந்தை ஒழுக்கம் தெரியாதவரா? மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். மன்னிப்புக்காக அவன் தயார்செய்து வைத்திருந்த பேச்சை முழுவதும் சொல்லக்கூட விடவில்லை.

ஏற்கெனவே கடந்துபோனவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை இழந்தவர்கள், கலைத்தவர்கள், கட்டாயத்தில் கொடுத்தவர்கள், அன்று யாரும் துணை நிற்காததால் இன்றும் நெஞ்சு ஆறாதவர்கள் நம் நடுவில் இருக்கிறீர்கள். உங்களை ஆண்டவர் மறந்துபோனாரோ என்று நினைக்கவேண்டாம். அவருடைய இரக்கத்துக்கு நாள் கடந்துவிட்டது என்பதே கிடையாது. வந்து கதையுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரலாம், அல்லது சும்மா வந்து உட்கார்ந்திருக்கலாம். நான் அவசரப்படுத்தமாட்டேன்.

இன்று பூசை முடிந்ததும் மாதா பீடத்துக்கு அருகில் நிற்பேன். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் தாய்மாருக்குத் திருச்சபை கொடுக்கும் ஆசீரை அங்கே கொடுப்பேன். மணமானவர்களா என்று கேட்கமாட்டேன், எத்தனையாவது மாதம் என்று கேட்கமாட்டேன், வயது கேட்கமாட்டேன். கோவிலில் எல்லார் முன்னிலையிலும் வர முடியாதவர்கள் புதன்கிழமை மாலை பங்கு இல்லத்துக்கு வாருங்கள், மணியை அடியுங்கள். மண்டபத்தில் மேசை ஒன்று போட்டிருக்கிறார்கள். பாவித்த பிள்ளை வண்டி, குளிருக்கான குழந்தைத் துணி, பிரிக்காத நாப்பி எது இருந்தாலும் கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள். உடைந்ததைக் கொண்டுவராதீர்கள், உங்கள் சொந்தப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதைக் கொண்டுவாருங்கள். இப்போது எழுந்து நின்று, நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.